பட்டணத்துச் சித்திரக் கூடத்தில் வாலாஜாக்காரருக்கு என்ன வேலை?

"தொடாதீங்க பெரியவரே!" என்றார் காவல்காரர்.

பெரியவர் சட்டென்று கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக் கொண்டார்.

சென்னையில் ஒரு சித்திரக் கூடம். சனிக்கிழமை பிற்பகல். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். அதில் ஆளும் இல்லை; மரமும் இல்லை; மாடும் இல்லை. பழுப்பும் நீலமுமாக வர்ணம் அப்பியிருக்கிறது. பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. அவ்வளவுதான்.

பெரியவர் வாலாஜாபேட்டைக்காரர். எங்கள் தெருதான். முப்பத்தைந்து வருஷம் டேனரியில் தோலைத் தரம் பிரித்தவர். பட்டணத்தில் மகள் வீட்டுக்கு வந்திருந்தார். "சும்மா உட்கார்ந்திருப்பதற்கு, வாருங்கள், ஒரு கண்காட்சி பார்த்துவிட்டு வரலாம்" என்று நான்தான் அவரை இழுத்துக் கொண்டு போனேன்.

"இன்னா தம்பி, தொடக் கூடாதாமே? தோலை நான் கண்ணாலேயா பார்த்தேன்? கையாலே இல்லே பார்த்தேன்!" என்றார்.

பிறகு அவர் செய்த காரியம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. படத்துக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் போய் நின்று கொண்டார். தலையைச் சாய்த்தார். விளக்கு வெளிச்சம் படத்தின் மேல் வழுக்கிக் கொண்டு போகும் கோணத்திலிருந்து பார்த்தார். "இந்த இடத்திலே கனமா போட்டிருக்கான். இங்கே சுரண்டி எடுத்திருக்கான். நீலம் அப்புறம் போட்டது, அடியிலே பழுப்பு கீது பாரு" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அத்தனையும் சரி!

அந்தக் கூடத்தில் அப்போது இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோரும் படத்துக்கு நேரே அரை நிமிஷம் நிற்பார்கள். செல்போனில் ஒரு படம் பிடிப்பார்கள். அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். வர்ணம் எப்படி ஏறியிருக்கிறது என்று பார்த்தவர் தோல் தரம் பிரித்தவர் ஒருவர்தான். "இதற்கு என்ன அர்த்தம்?" என்ற கேள்வியோடுதான் நம்மில் பெரும்பாலோர் நவீன ஓவியத்தின் முன்னால் நின்று திகைக்கிறோம். பெரியவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. "இதை எப்படிச் செய்தான்?" என்றுதான் பார்த்தார். கைத்தொழில் தெரிந்தவருக்கு அதுதான் முதல் கேள்வி.

யார் வேண்டுமானாலும் போகலாம்

"அதெல்லாம் காருள்ளவர்கள் போகிற இடம்" என்று நம் பக்கத்தில் ஓர் எண்ணம் உண்டு. பாதி உண்மை, பாதி பயம்.

சென்னை கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது. இது மத்திய சர்க்கார் ஸ்தாபனம். ஓவியர்களும் சிற்பிகளும் அங்கே கூடத்தை வாடகைக்கு எடுத்துச் சில நாட்கள் தங்கள் படைப்புகளைப் பார்வைக்கு வைக்கிறார்கள். எழும்பூர் மியூசியத்தில் தற்காலக் கலைக்கென்றே 1984-ம் வருஷம் கட்டிய தனிக் கட்டடம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். இன்னும் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. இவை தவிர, தனியார் நடத்தும் கூடங்கள் பல. தனியார் கூடங்களில் பெரும்பாலும் கட்டணமே கிடையாது. படம் விற்றால்தான் அவர்களுக்கு வருமானம். பார்க்க வருகிறவரிடம் காசு வாங்குவதில்லை.

ஆனால் ஒன்று கவனியுங்கள். இந்தத் தனியார் கூடங்களில் பலவற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்ணுக்கு ஓய்வு கிடைப்பதே அந்த ஒரு நாள்தான். படத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டு பெரும்பாலும் ஆங்கிலத்தில். திறப்பு விழா அழைப்பும் ஆங்கிலத்தில். வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்று யாரும் கூப்பிடவும் இல்லை.

தோலும் சித்திரமும் ஒரே கூரையின் கீழ்!

வேடிக்கை என்னவென்றால், நம் ஜில்லாவின் தோல் தொழிலுக்கும் சென்னையின் ஓவியக் கலைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

சென்னை பெரியமேட்டுக்குப் பக்கத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறதே அரசு கவின் கலைக் கல்லூரி, அதை 1850-ம் வருஷம் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர். படம் வரைவதோடு கைத்தொழிலும் கற்றுக் கொடுக்கும் பள்ளியாக அது வளர்ந்தது. அந்தப் பள்ளியின் பொறுப்பு பிற்பாடு ஆல்பிரட் சாட்டர்டன் என்ற என்ஜினீயரிடம் வந்தது. அவர் 1898-ம் வருஷம் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்தார். இன்று நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் அலுமினியக் குண்டானுக்குப் பூர்வீகம் ஓர் ஓவியப் பள்ளி!

அதோடு அவர் விடவில்லை. 1903-ம் வருஷவாக்கில் குரோம் உப்பைக் கொண்டு தோலைப் பதனிடும் பரிசோதனையைத் தொடங்கினார். அதற்கு முன் நம் நாட்டில் ஆவாரம்பட்டை முதலியவற்றில்தான் தோலை ஊறப் போடுவார்கள். தண்ணீர் இறைக்கும் கவலைக்கு நல்ல உழைப்பான தோல் வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. குரோம் தோல் தண்ணீருக்குச் சளைக்காமல் நின்றது.

பிறகு நடந்ததை வாலாஜா முதல் வாணியம்பாடி வரை உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குரோமில் ஊறி ஈரத்தோடு நீலமாக வெளியே வரும் தோலை "வெட்புளூ" என்பார்கள். அந்த நீலம்தான் இந்த ஜில்லாவுக்குச் சோறு போட்டது. அந்த நீலம்தான் பாலாற்று நிலத்தடி நீரையும் கெடுத்தது.

பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அப்போ இந்தப் படம் போட்டவனும் நம்ம பங்காளிதான்னு சொல்லு!" என்று சிரித்தார்.

முதல் ரயில் வந்த ஊர்

இன்னொரு சங்கதியும் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்டு எங்கே வந்தது? நம் வாலாஜா ரோடுக்குத்தான். அப்போது அந்த ஸ்டேஷனுக்கு ஆர்க்காடு என்று பெயர். எழும்பூர் மியூசியம் தொடங்கியது 1851-ல்; ஓவியப் பள்ளி 1850-ல். பள்ளி, மியூசியம், ரயில் மூன்றும் ஏழு வருஷத்துக்குள் பிறந்த பிள்ளைகள்.

ரயிலில் வாலாஜாவின் சாயத் துணியும் தோலும் பட்டணம் போயின. ஆட்களும் போனார்கள். பட்டணத்திலிருந்து ஒரு சித்திரக் கண்காட்சி இந்தப் பக்கம் திரும்பி வருவது மட்டும் இன்றைக்கும் அபூர்வம். தூரம் என்னவோ நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டு மணி நேரப் பிரயாணம்.

கணக்கு நோட்டிலிருந்து ஓர் ஓவியம்

சோழமண்டலம் என்றேனே, அதன் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். படித்து முடித்த மாணவர்களுக்குப் பிழைப்பு இல்லை. படம் வாங்குகிற பணக்காரர்களும் அந்தக் காலத்தில் மிகக் குறைவு. பணிக்கரும் மாணவர்களும் கூடி யோசித்தார்கள். துணியில் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் வேலை செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் கடற்கரையோரம் மணல் பூமியை வாங்கி, 1966-ம் வருஷம் அங்கே குடியேறினார்கள். கைத்தொழில் வயிற்றுக்கு, ஓவியம் மனசுக்கு. யாரிடமும் கையேந்தாமல் கலைஞர்களே நிறுவிய அந்த ஊர் இன்றைக்கும் இருக்கிறது. 2009-ம் வருஷம் அங்கே ஒரு மியூசியமும் திறந்தார்கள்.

பணிக்கரின் "சொற்களும் சின்னங்களும்" என்ற ஓவிய வரிசை பேர் பெற்றது. 1963-ல் தொடங்கினார். அவற்றில் எழுத்துகள் மாதிரி கோடுகள் இருக்கும்; ஆனால் படிக்க முடியாது. ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும். ஆனால் எவருடைய ஜாதகமும் இல்லை. நடுவில் ஒரு மீன், ஒரு பறவை. இந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு மாணவனுடைய நோட்டுப் புத்தகத்தில் எண்ணும் எழுத்தும் கோடுமாக இருந்த பக்கம் ஒன்றைப் பார்த்தார். கணக்காக அல்ல, ஒரு படமாக அது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

வயது வந்த பிறகு எழுத்துக் கற்றுக் கொண்டவர்களுக்கு இந்த ஓவியம் மிக எளிதில் புரியும் என்பது என் அபிப்பிராயம். எழுத்துத் தெரியாத காலத்தில் பஸ்ஸின் பெயர்ப் பலகை அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? கோடும் வளைவும் புள்ளியுமாக ஒரு சித்திரமாகத்தானே! படித்தவர்கள் மறந்துபோன அந்தப் பார்வையைப் பணிக்கர் மறுபடி கூப்பிட்டுக் கொண்டு வருகிறார்.

நம் ஜில்லாவின் பிள்ளைகள்

"நம்மவர்கள் யாராவது உண்டா?" என்று கேட்பீர்கள். உண்டு. பழைய வட ஆர்க்காடு ஜில்லாவில்தானே திருவண்ணாமலையும் இருந்தது! அந்த ஊரில் 1932-ல் பிறந்தவர் ஏ. பி. சந்தானராஜ். வர்ணத்தைக் கையாளுவதில் பெரிய வித்தகர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார்.

அதே திருவண்ணாமலையில் பிறந்தவர்தான் பெனிதா பெர்சியாள். இவருடைய சிற்பங்களைப் பார்க்கும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். காரணம், சாம்பிராணி, மூலிகை, வாசனைப் பொருள், மரத்தூள் இவற்றைக் கூட்டிப் பிசைந்து உருவங்கள் செய்கிறார். 2014-ல் கொச்சியில் அவர் அப்படி வைத்த கிறிஸ்தவ வேத உருவங்கள் பலருடைய கவனத்தை ஈர்த்தன. சாம்பிராணி வாசனை எந்த வீட்டுக்குத்தான் அந்நியம்?

மிளகுக் கிடங்கில் கண்காட்சி

கொச்சி என்றதும் நின்று ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 2012-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி அங்கே "கொச்சி முசிரிஸ் பினாலே" என்ற பெருங்கண்காட்சி தொடங்கியது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடத்துவது என்று ஏற்பாடு. இடையில் தாமதம் நேர்ந்ததும் உண்டு. ஆறாவது கண்காட்சி 2025 டிசம்பர் 12-ல் தொடங்கி 2026 மார்ச் இறுதி வரை என்று ஏற்பாடாயிற்று.

கண்ணாடி மாளிகை எதுவும் இதற்காகக் கட்டவில்லை. மிளகும் இஞ்சியும் கயிறும் வைத்திருந்த பழைய வியாபாரக் கிடங்குகளைக் கூட்டிப் பெருக்கி அங்கேயே வைத்தார்கள். முதல் தடவையே சுமார் 4 லட்சம் பேர் வந்தார்கள். மீன்காரரும், ஆட்டோ ஓட்டுபவரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பணத்துக்குத் திண்டாட்டம், நடத்துவதில் குழப்பம், கலைஞர்களின் புகார் எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனாலும் கடை வைத்திருப்பவர்கூட "இந்த வருஷம் பினாலே எப்படி?" என்று பேசும் ஊராக அது ஆகிவிட்டது.

ஆறாவது கண்காட்சிக்கு வந்தவர்களில் ஒருவர் இப்ராகிம் மகாமா. ஆப்பிரிக்காவில் கானா நாட்டைச் சேர்ந்தவர்; 1987-ல் பிறந்தவர். 2025-ம் வருஷம் லண்டன் கலைப் பத்திரிகை ஒன்று, உலகக் கலைத் துறையில் மிகச் செல்வாக்குள்ளவர் என்று இவரை முதலிடத்தில் வைத்தது. இவர் எதைக் கொண்டு கலை செய்கிறார்? கோணிச் சாக்கு! கோகோ கொட்டையும் கரியும் சுமந்து கிழிந்த சாக்குகளை வாங்கி, ஆட்களை வைத்துத் தைத்து, பெரிய பெரிய கட்டடங்களின் மேல் போர்த்துகிறார். சாக்கில் வியாபாரியின் முத்திரையும் எண்ணெய்க் கறையும் அப்படியே இருக்கும். தெருவில் செருப்புத் தைப்பவர்களும் பாலிஷ் போடுபவர்களும் வைத்திருக்கும் மரப்பெட்டிகளை நூற்றுக்கணக்கில் அடுக்கி ஒரு பெரிய சுவராகவும் செய்திருக்கிறார். ஆம்பூர்க்காரர்கள் அதைப் பார்க்க வேண்டும்!

அதைவிடப் பெரிய விஷயம் இது. சம்பாதித்த பணத்தைக் கொண்டு அவர் தலைநகரில் மாளிகை கட்டவில்லை. வடக்கே இருக்கும் தன் சொந்த ஊரான தமாலேயில் கலைக் கூடம் கட்டினார். ஓடாமல் கிடந்த பழைய ரயில் பெட்டிகளை அங்கே கொண்டு வந்து நிறுத்தினார். அவற்றில் ஏறி உட்கார்ந்து ஊர்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ரயில் வந்த ஊர்க்காரர்கள் நாம். இது நம் காதில் விழ வேண்டிய செய்தி.

இங்கே ஏன் வருவதில்லை?

காரணங்கள் இல்லாமல் இல்லை. ஓவியம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பயப்படும் சரக்கு. லாரியில் ஏற்றி இறக்கினால் சேதம் வரலாம், இன்ஷூரன்ஸ் கேட்பார்கள். வாங்குகிறவர் சென்னையில்தான் இருக்கிறார் என்பது தனியார் கூடத்துக்காரரின் கணக்கு. வியாபாரி கணக்குப் பார்ப்பது குற்றம் இல்லை.

சர்க்கார் அப்படிக் கணக்குப் பார்க்க முடியாது. வேலூர்க் கோட்டைக்குள் அரசு மியூசியம் இருக்கிறது. பல்லவர் காலம் முதல் விஜயநகர காலம் வரையுள்ள சிற்பங்கள் அங்கே உண்டு. கோட்டையில் சிறைப்பட்டு 1832-ல் மாண்ட கண்டி ராஜா விக்கிரம ராஜசிங்கனின் தந்தச் சதுரங்கப் பலகையும் உண்டு. மாணவர்களுக்கு ஓவிய முகாமும் நடத்துகிறார்கள். எழும்பூரும் வேலூரும் ஒரே இலாகாதான். எழும்பூரில் இருக்கும் தற்கால ஓவியங்களில் பத்தையோ பதினைந்தையோ, தக்க பாதுகாப்போடு வருஷம் இரண்டு மாதம் வேலூருக்கு அனுப்பினால் என்ன? பக்கத்தில் எளிய தமிழில் நாலு வரி எழுதி ஒட்டினால் என்ன?

கூடமே இல்லை என்று சொல்ல முடியாது. 2016-ல் தொடங்கிய சென்னைப் புகைப்பட பினாலே அந்த முதல் தடவையிலேயே பறக்கும் ரயில் நிலையங்களில் படங்களை மாட்டியது. சென்னை கண்ணகி நகரில் 2020-ம் வருஷம் குடியிருப்புச் சுவர்களிலேயே ஆளுயர, மாடியுயரச் சித்திரங்கள் தீட்டினார்கள். வாலாஜா ரோடு ஸ்டேஷனில் சுவர் இல்லையா? மூடிக் கிடக்கும் டேனரிகள் இந்தப் பகுதியில் இல்லையா? மிளகுக் கிடங்குக்கு ஆனது தோல் கிடங்குக்கு ஆகாதா?

பாலாற்றுக்கு ஒரு கண்காட்சி

விஷயமும் இங்கே நிறையவே இருக்கிறது. 2018 பிப்ரவரியில் கூவம் நதியின் கதியையும் தண்ணீரையும் பற்றிச் சென்னை லலித் கலா அகாடமியில் ஒரு கண்காட்சி நடந்தது. உள்நாட்டு, வெளிநாட்டுக் கலைஞர்கள் பங்கு கொண்டார்கள். நல்ல காரியம். பாலாற்றுக்கு அப்படி ஒன்று எப்போது?

ராணிப்பேட்டையில், 1990-களில் மூடிய குரோமேட் தொழிற்சாலை விட்டுப் போன நச்சுக் கழிவு சுமார் 2 லட்சம் டன் அளவுக்குக் குவிந்தது. 2015 ஜனவரி 31-ந் தேதி விடியற்காலம், ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் நிலையத்தின் தொட்டி உடைந்து சேறு பாய்ந்தது. தூங்கிக் கொண்டிருந்த தொழிலாளிகள் உட்பட 10 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள். மறுநாள் பத்திரிகையில் செய்தி வந்தது, கமிட்டி வந்தது, வழக்கு வந்தது. அவர்களை நினைத்து இந்த ஊரில் ஒரு சித்திரமோ சிலையோ இருப்பதாக நான் கண்டதில்லை.

சென்னை மெரினாவில் உழைப்பாளர் சிலை இருக்கிறது. ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் வைத்தார்கள். நாலு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். நம் ஊரிலிருந்து பட்டணம் போகிறவர்கள் எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள். அதை யாரும் "அர்த்தம் என்ன?" என்று கேட்பதில்லை. நரம்பு புடைத்த அந்தக் கால்களைப் பார்த்தாலே போதும்.

அன்று மாலை பெரியவரும் நானும் சென்ட்ரலில் ரயில் ஏறினோம். திருவள்ளூர் தாண்டும் வரை அவர் பேசவில்லை. பிறகு, "அந்த எழும்பூர் மியூசியம்னு சொன்னியே, அதுக்கு எந்த நாள் லீவு?" என்றார்.

"வெள்ளிக்கிழமை."

"அப்போ ஞாயித்துக்கிழமை உண்டு. பேத்தியைக் கூட்டிக்கினு போறேன். அவ இங்கிலீஷ் சீட்டைப் படிச்சுச் சொல்லுவா. வர்ணத்தை நான் பாத்துக்கிறேன்."